இரண்டாம் கையெழுத்து

ஜெபத்தில் அந்த வரி எங்கே வரும் என்று பஸ் மெக்கானிக் ஒட்டடைக்குத் தெரியும். முதலில் அன்றைய உணவுக்கு நன்றி. பிறகு பக்கத்து வீட்டில் இடுப்பொடிந்து கிடக்கிறவர். பிறகு கட்டிக்கொடுத்த ஊரில் நிறைமாதமாக இருக்கும் மகள். அது முடிந்ததும் மனைவி ஒரு மூச்சு இழுப்பாள், குளிர்ந்த தண்ணீரில் இறங்கப் போகிறவர்கள் இழுப்பது போல. அந்த மூச்சு கேட்டதும் அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய கையை மறுபடி கழுவ ஆரம்பிப்பார். சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கிற வீடு. குழாயை எவ்வளவு திறந்தாலும் வரி காதில் விழத்தான் செய்யும்.

“அந்த ஆளையும் காப்பாத்தும் ஆண்டவரே. அவன் கைக்கு, காலுக்கு, பிள்ளைகளுக்கு ஒரு கெடுதலும் வர வேண்டாம். எனக்கு மனசு இல்ல. இருந்தாலும் கேக்குறேன்.”

ஒருவர் ஜெபித்தால் இன்னொருவர் ஆமென் சொல்லி முடிப்பது கல்யாணமான நாள் முதல் அந்த வீட்டு வழக்கம். நான்கு மாதமாக அவர் சொல்வதில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தானே சொல்லிக்கொள்வாள். பிறகு ரொட்டியைப் பிட்டு அவர் தட்டில் வைப்பாள்.

மழை பிடித்த ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவரால் பொறுக்க முடியவில்லை.

“ஊர் உலகத்துல ஜெபம் பண்றதுக்கு உனக்கு வேற ஆளே கிடைக்கலையா?”

“சத்துருவைச் சிநேகிக்கத்தானே சொல்லியிருக்கு. அவன் வந்து மன்னிப்புக் கேட்டா சிநேகின்னு சொல்லியிருந்தா நானும் நிம்மதியா காத்துக்கிட்டு இருப்பேனே.”

“அப்ப அவன் மேல உனக்குச் சிநேகம் வந்துடுச்சா?”

“எங்கேங்க! நேத்து கடைத்தெருவுல அவன் பொண்டாட்டி எதிர்ல வந்தா. காத்துல அவ குடை திரும்பிக்கிச்சு. நல்லா நனையட்டும்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து ஜெபம் பண்ணேன். மருந்து குடிக்கிற மாதிரிதான். கசக்குதுன்னு யாராவது மருந்தை நிறுத்துவாங்களா?”

“நோய் அவனுக்கு. மருந்து நீ குடிக்கிற.”

“நோய் எனக்குத்தாங்க” என்றாள் அவள். “ராப்பகலா அவன் சாவை நெனச்சுக்கிட்டே பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சமைக்க முடியல. போட்ட உப்பையே மறுபடி போடுறேன். சாப்பிடுங்க, ஆறிடும்.”

அவள் பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் வேலை செய்கிறவள். பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகச் சட்டிகளைத் தேய்க்க ஆரம்பித்தாள். அவர் மூடியிருந்த உள்ளறைக் கதவைப் பார்த்தார். அது மகனின் அறை. கதவுக்குப் பின்னால் அவனுடைய காக்கிச் சட்டைகள் தேய்த்து மடித்தபடி இருந்தன.

ஒட்டடைக்குச்சி என்று டிப்போவில் வைத்த பேர் நாளடைவில் சுருங்கி ஒட்டடை ஆகிவிட்டது. ஆறடிக்கு மேல் உயரம், சதை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பஸ்ஸை நிறுத்தி அடியில் வேலை பார்க்கும் குழியில் மற்ற மெக்கானிக்குகள் நிமிர்ந்து நிற்பார்கள். அவர் மட்டும் கழுத்தையும் இடுப்பையும் மடக்க வேண்டும். “கடவுள் உன்னை உசரத்துல பல்பு மாட்டப் படைச்சாரு, நீ தவறிப்போய்க் குழிக்குள்ள இறங்கிட்ட” என்று சொல்லிச் சிரிப்பான் சுத்தியல். பிரேக் டிரம்மைச் சின்னச் சுத்தியலால் தட்டி, ஓசையை வைத்தே விரிசல் எங்கே என்று சொல்லக்கூடியவன், அதனால் அந்தப் பேர். இருபத்தாறு வருஷம் இரண்டு பேரும் ஒரே குழி, ஒரே தேநீர் பெஞ்சு. மனைவி ஜெபத்தில் சொல்லும் அந்த ஆள் அவன்தான்.

ஒட்டடையின் மகன் அதே டிப்போவில் டிரைவராக இருந்தான். நான்கு மாதத்துக்கு முன் ஒரு விடிகாலை முதல் டிரிப் எடுத்துப் போனான். சரிவில் ஈரச் சாலை. பிரேக் போட்டதும் பஸ் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. பயணிகளில் நான்கு பேருக்கு எலும்பு முறிந்தது. செத்தவன் அவன் மட்டும். அந்தப் பஸ்ஸுக்கு முந்தின நாள்தான் பிரேக் வேலை நடந்திருந்தது. செய்தவன் சுத்தியல். விசாரணையில் எல்லோர் முன்னாலும் அவன் சொன்ன வாக்கியம் ஒன்றே ஒன்று: “பையன் எப்பவுமே கொஞ்சம் வேகந்தான் சார்.”

பின்சக்கரம் நொறுங்கிப் போயிருந்ததால் பிரேக்கைப் பற்றிச் சொல்ல அதில் ஒன்றும் மிஞ்சவில்லை. ரிப்போர்ட்டில் ஓட்டுநரின் அதிவேகம் என்று எழுதினார்கள். அடுத்த வாரமே டிப்போ வாசலில் ஒரு பலகை முளைத்தது. கவிழ்ந்த பஸ்ஸின் படம், கீழே சிவப்பு எழுத்தில் ‘வேகம் கொன்றது.’ புதிதாகச் சேரும் டிரைவர்களை அதன் முன் நிற்க வைத்துத்தான் பாடம் ஆரம்பிப்பார்கள். ஒட்டடை தினமும் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் அதைக் கடந்து போனார்.

டிப்போவில் சுத்தியலோடு யாரும் பேசுவதில்லை. செத்த பிள்ளை மேல் பழி போட்டவன். பிரேக் வேலைக்கு இரண்டு கை வேண்டும் என்பது சட்டம். ஒருவர் வேலையைச் செய்து கையெழுத்துப் போட வேண்டும், இன்னொருவர் குழியில் இறங்கிப் பார்த்துவிட்டு இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது இல்லாமல் வண்டி வெளியே போகாது. சுத்தியலுக்கு இரண்டாவது கையாக நிற்க ஒருத்தரும் வரவில்லை. நான்கு மாதமாக அவன் சக்கரம் கழுவிக்கொண்டிருந்தான்.

பத்தாம் நாள் மழையில் ஃபோர்மேன் ஒட்டடையைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காருங்கண்ணே. பதினோரு வண்டி பிரேக் வேலைக்கு நிக்குது. ஆள் பத்தல. சுத்தியலை மறுபடி இறக்கலாம்னா, கூட நிக்க யாரும் வரமாட்டேங்குறாங்க. இந்த வாரத்துக்குள்ள ஆள் கிடைக்கலைன்னா வேலைக்கு லாயக்கில்லைன்னு எழுதி அனுப்பிடச் சொல்லிட்டாங்க மேலேர்ந்து. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க அவருக்கு.”

“அதுக்கு நான் என்ன செய்ய?”

“கேக்கவே வாய் வரலண்ணே. நீங்க ஒருதரம் அவருக்குக் கையெழுத்துப் போட்டா மத்தவங்க வாயை மூடிக்குவாங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்.”

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. ஒட்டடை மேசையில் தாள் பறக்காமல் வைத்திருந்த கண்ணாடிக் குண்டை உருட்டினார்.

“போடுறேன்” என்றார்.

ஃபோர்மேனின் கண் கலங்கிவிட்டது. “உங்க மனசு யாருக்கும் வராதுண்ணே.”

ஒட்டடையின் மனசில் இருந்தது வேறு. குழிக்குள் இறங்குவேன். நட்டு நட்டாகப் பார்ப்பேன். ஒரு தப்பு போதும், அவன் கதை முடிந்தது. நான்கு மாதத்தில் முதல் முறையாக அவருக்குப் பசித்தது.

கையெழுத்துப் போடப் போவதை வீட்டில் சொன்னபோது மனைவி கையிலிருந்த மாவை உதறாமலே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நெசமாவா? அவனுக்கா? நீங்களா?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். “கேக்குறார்ங்க ஆண்டவர். நான்தான் நம்பாம சும்மா சொல்லிக்கிட்டு இருந்தேன்.”

அவர் சட்டைக் கையில் ஒட்டிய மாவைத் துடைத்துவிட்டு வெளியே போய் நின்றார்.

மறுநாள் காலை மூன்றாம் குழியில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. மேலே பஸ். சுத்தியல் பின்சக்கரங்களின் வேலையை முடித்துவிட்டு ஓரமாக, கையைத் துணியால் துடைத்தபடி நின்றான். இளைத்திருந்தான். குழியின் விளிம்பில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. ஃபோர்மேன் அவர்களை விரட்டினார். “என்ன, கல்யாணமா நடக்குது? போங்கப்பா அவங்கவங்க வேலைக்கு.”

ஒட்டடை டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கழுத்தை மடக்கினார். வலப்பக்கம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனுடைய வேலை எப்போதுமே அப்படித்தான், கழுவிவிட்ட தட்டு மாதிரி இருக்கும். இடப்பக்கம் நகர்ந்தார். பிரேக்கைத் தள்ளும் கம்பும் அதைச் சக்கரத்தோடு இணைக்கும் கையும் சேரும் இடத்தில் விரல் அளவுக்கு ஓர் ஆணி போகும். அந்த ஆணி நழுவாமல் இருக்க அதன் துளையில் கொண்டை ஊசி மாதிரி ஒரு ஸ்பிளிட் பின் போட்டு இரண்டு காலையும் மடக்கிவிட வேண்டும். அது இல்லையென்றால் ஓட்டத்தில் ஆணி கழன்று விழும். அந்தச் சக்கரத்துக்கு அப்புறம் பிரேக் என்று ஒன்று கிடையாது.

அங்கே ஸ்பிளிட் பின் இல்லை. ஒரு துண்டுக் கட்டுக்கம்பி முறுக்கி விடப்பட்டிருந்தது.

அதை யார் பார்த்தாலும் புரிந்துவிடும். பழைய பின்னைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் ஸ்டோரில் புதியது தருவார்கள். கழற்றும்போது பழையது தண்ணீரில் விழுந்து தொலைந்தால் விளக்கம் எழுதிக் கொடுத்து ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குச் சலித்துக்கொண்டு அப்போதைக்குக் கம்பியைச் சுற்றிவிடுவது டிப்போவில் எல்லோரும் செய்வதுதான். ஒட்டடையும் செய்திருக்கிறார்.

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தார். “கம்பி” என்றார். “நாலு மாசந்தான் ஆகுது என் பிள்ளையைப் புதைச்சு. அதுக்குள்ள கம்பியா?”

“பார்த்துட்டியா?” என்றான் சுத்தியல்.

“கூப்பிடுறேன் ஃபோர்மேனை. இன்னையோட தொலைஞ்சடா நீ.”

சுத்தியல் சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினான். புத்தம் புதிய ஸ்பிளிட் பின், எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியது.

“காலையிலேயே வாங்கிட்டேன். இந்தத் தடவையாவது குனியறியான்னு பார்க்கத்தான் கம்பியைப் போட்டேன்.”

குழித் தண்ணீரில் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

“அன்னைக்கும் கம்பிதாண்டா” என்றான் சுத்தியல். “பழசு தண்ணியில போயிடுச்சு. காலையில மாத்திடலாம்னு சுத்திவிட்டேன். விடிஞ்சு நான் வர்றதுக்குள்ள வண்டியை எடுத்துட்டாங்க. என் தப்பு. நூறு தடவை என் தப்பு. ஆனா ரெஜிஸ்டரை எடுத்துக்கிட்டு உன்கிட்டதானே வந்தேன்? பெஞ்சுல உக்காந்து தேநீர் குடிச்சுக்கிட்டு இருந்த. ‘இடுப்பு வலிக்குதுடா, நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும், கொண்டா’ன்ன. கையெழுத்தைப் போட்ட. கம்ப்ளெயிண்ட் புஸ்தகத்துல ‘இழுக்குது’ன்னு எழுதியிருந்தது உன் பிள்ளை கையெழுத்துன்னுகூட நீ பார்க்கல.”

கையெழுத்துக் கதை ஒட்டடைக்குத் தெரியாததல்ல. நான்கு மாதமாக அவர் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டிருந்தது இதைத்தான். விசாரணை அதிகாரி ரெஜிஸ்டரைக் காட்டி, “இரண்டாவது கையெழுத்து உங்களுடையது, இறங்கிப் பார்த்தீர்களா?” என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவர் வாயில் ஒரே பதில்தான். “பார்த்தேன் சார்.” சொல்லி முடித்து, அதிகாரி அதை எழுதி, தாளைத் திருப்பிய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. இரண்டு பேர் பார்த்த பிரேக். அப்படியென்றால் தப்பு டிரைவர் மேல். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க வாயைத் திறந்தார். அதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

“நீ வேகம்னு ஏண்டா சொன்ன?” என்றார். கேள்வியாக வரவில்லை, முனகலாக வந்தது.

“நீ பார்த்தேன்னு சொல்லிட்ட. அதுக்கப்புறம் சொல்ல என்ன இருக்கு, வேகத்தைத் தவிர? நீ சொன்னது பாதி, நான் சொன்னது பாதி. ஒரே பொய்தாண்டா அது. ரெண்டு கை போட்ட பொய்.”

ஒட்டடை அவன் சட்டையைப் பிடித்துக் குழிச் சுவரோடு சாய்த்தார். சுத்தியல் தடுக்கவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை.

“அடி. நானும் நாலு மாசமா அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்” என்றான். “உன் வீட்டுல எனக்காக ஜெபம் பண்றாங்களாமே? என் பிள்ளைங்களுக்கெல்லாம் சேர்த்து? உங்க கோயில்ல யாரோ என் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்காங்க. அவ வந்து சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலடா. தெருவுல நிறுத்தி வெச்சுக் காறித் துப்பியிருந்தா துடைச்சுட்டுப் போயிருப்பேன். இதை எப்படித் துடைக்கிறது?”

ஒட்டடையின் பிடி தானாகத் தளர்ந்தது. தண்ணீரில் நின்று பாதம் மரத்துப் போயிருந்தது. அவன் கையிலிருந்த பின்னை வாங்கினார். கம்பியைப் பிரித்து எடுத்துவிட்டு, பின்னைத் துளையில் செலுத்தி, குறட்டால் ஒரு காலை மடக்கினார். இருட்டில் இன்னொரு கால் பிடிபடவில்லை. சுத்தியல் டார்ச்சை எடுத்துப் பிடித்தான். அதுவும் மடங்கியது.

அப்புறம் ஒட்டடை மேலே பார்த்து ஃபோர்மேனைக் கூப்பிட்டார்.

ஃபோர்மேன் வந்ததும் முறுக்கிய கம்பியை அவர் உள்ளங்கையில் வைத்தார். “என் மகன் வண்டியில இதுதான் இருந்தது. இவன் போட்டான். நான் இறங்கிப் பார்க்கல. பார்த்தேன்னு சொன்னது பொய். பையன் வேகமா போகல. எழுதிக்குங்க.”

ஃபோர்மேன் கம்பியையும் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நேற்றுவரை அண்ணே என்று கூப்பிட்டவர் இப்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தடுமாறினார். “இதை மேலிடத்துக்கு எழுதணும். போலீசு வரும். ரெண்டு பேருமே…” என்று நிறுத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வீட்டுல தெரியுமா?”

“தெரியாது.”

“மத்தியானத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். முதல்ல போய் நீங்களே சொல்லிடுங்க.”

வெளியே வரும்போது ஒட்டடை பலகை முன் நின்றார். மழைத் தண்ணீர் சிவப்பு எழுத்துகளின் மேல் வழிந்துகொண்டிருந்தது. எட்டி அதன் ஆணியைப் பிடித்து அசைத்தார். அவருக்கு ஏணி தேவையில்லை. காவலாளி குடையோடு ஓடி வந்தார்.

“ஐயா, ஐயா, ஆர்டர் இல்லாம கழட்டக் கூடாதுய்யா. என் வேலை போயிடும்.”

“மாட்டினப்ப ஆர்டர் இருந்துதா?”

“அதுக்கு இருந்துதுய்யா.”

அவர் கையை எடுத்துவிட்டார்.

பள்ளிக்கூடம் விட்டு மனைவி வரும்வரை வீட்டில் நனைந்த உடையோடு உட்கார்ந்திருந்தார். அவள் உள்ளே வந்ததும், “என்னங்க இது, ஈரத்தோட? அவன் வேலை நல்லபடியா முடிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள். அவர் சொல்லத் தொடங்கினார். பெஞ்சு, தேநீர், இடுப்பு வலி, பார்த்தேன் சார் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். துண்டு அவள் கையிலேயே இருந்தது.

அவர் முடித்ததும் கேட்டாள்.

“குனிஞ்சு பார்க்கலையா நீ?”

முப்பது வருஷத்தில் அவள் அவரை நீ என்று சொன்னதில்லை.

“பார்க்கல.”

“ஒரு தடவை குனியறதுக்கு வலிச்சுதா?”

அவள் துண்டை மடித்து ஆணியில் மாட்டினாள். சமையல் மேடைக்குப் போனாள். வெங்காயம் நறுக்கினாள். சட்டியை அடுப்பில் வைத்தாள், இறக்கினாள், கழுவாமல் விட்டாள். ஜன்னலில் வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. பக்கத்து வீட்டு இடுப்பொடிந்தவர் ரேடியோவைப் போட்டார், அணைத்தார். மேசையில் அவள் ஒரே ஒரு தட்டைத்தான் வைத்தாள். தன்னுடையது.

அவர் எழுந்து போக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று தெரியாமல் நாற்காலியின் நுனியில் இருந்தார். அவளுக்கு அவர் பக்கம் முகமே திரும்பவில்லை. கண்ணை மூடினாள்.

உணவுக்கு நன்றி சொன்னாள். இடுப்பொடிந்தவரைச் சொன்னாள். மகளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் சொன்னாள். பிறகு அந்த மூச்சு. இன்றைக்கு அது இரண்டு முறை இழுத்தும் நிறையவில்லை. ஒட்டடையின் கால்கள் பழக்கத்தில் குழாய்ப் பக்கம் திரும்பின. அவர் போகவில்லை.

“அந்த ஆளைக் காப்பாத்தும் ஆண்டவரே” என்றாள். நிறுத்தினாள். மேசையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. முடித்துவிட்டாள் என்றே அவர் நினைத்தார்.

“இந்த ஆளையும் காப்பாத்தும். இவன் கைக்கு, காலுக்கு… இவன் இடுப்புக்கு ஒரு கெடுதலும் வர வேண்டாம். எனக்கு மனசு இல்ல. துளிகூட இல்ல. இருந்தாலும் கேக்குறேன்.”

அவள் கண்ணைத் திறக்கவில்லை. தானே ஆமென் சொல்லிக்கொள்ளவும் இல்லை. மழை ஓட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஆமென் தனக்காக நிற்கிறது என்று அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

“ஆமென்” என்றார். இரண்டாம் முறை சொன்னபோதுதான் சத்தம் வந்தது.

அவள் எழுந்து தன் தட்டிலிருந்த ரொட்டியைப் பிட்டாள். இன்னொரு தட்டை எடுத்து, பிட்ட துண்டை அதில் போட்டு அவர் முன்னால் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. பிறகு, தான் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல், மகனின் அறைக்குள் போய் உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.